சென்னல்குடியிலிருந்து வந்த பாட்டி

"'விருமாண்டி' படத்தில் கமலுக்குப் பாட்டியாக வருகிறாரே, அவர் நிஜமாகவே நடிகையா? இல்லை, அந்த ஊர்க் கிழவி யாரையாவது கூட்டி வந்து நடிக்க வைத்துவிட்டார்களா? பேச்சைக் கேட்டால் எங்கள் அப்பத்தா பேசுவது மாதிரியே இருக்கிறது. வேறு எந்தப் படத்திலாவது நடித்திருக்கிறாரா?" என்பது கேள்வி.

அவர் எஸ். என். லட்சுமி. ஊர் விருதுநகர் பக்கத்தில் சென்னல்குடி. 1927இல் பிறந்தவர். 'விருமாண்டி' வந்தது 2004 பொங்கலுக்கு. அப்போது அவருக்கு 77 வயது. 77 வயதில் அறுபது வருஷத்துக்கு மேல் நடித்து முடித்திருந்தார். யாரோ ஊர்க் கிழவி என்று உங்களுக்குத் தோன்றியதே, அதை இப்போது அவர் இருந்து கேட்டிருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நான் திருமங்கலத்துக்காரன். என் பெரியப்பா, ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் வீடு தங்கமாட்டார். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போவேன். மேடைக்கு மேற்குப் பக்கம், தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

லட்சுமி அம்மாவின் பிறப்பிலிருந்தே சொல்லிவிடுகிறேன். ஏழை வீடு. பதிமூன்றாவது பிள்ளை. கரிசக்காட்டில் பதிமூன்றாவது பிள்ளை என்றால் என்னவென்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை தப்பினால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை. விவரம் தெரியும் வயதிலேயே வீட்டை விட்டு நாடகக் குழுவோடு கிளம்பிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை அப்படிக் கிளம்பினால் ஊர் என்ன பேசும் என்பது தனிக் கதை. ஆனால் கூத்தாடப் போனால் மூன்று வேளை சோறு உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

மதுரை அந்தக் காலத்தில் நாடகத்துக்குத் தாய்வீடு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை இங்கேதான் தொடங்கினார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி இங்கே பேர் பெற்றது, எம்.ஜி.ஆர்., பி. யு. சின்னப்பா எல்லாம் அந்தக் கம்பெனியில் வளர்ந்த பையன்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை எல்லாம் பாய்ஸ் கம்பெனிகள். வள்ளியும் பையன், தெய்வானையும் பையன், கிழவியும் பையன். டி. கே. சண்முகம் அண்ணாச்சி அவ்வையார் வேடம் கட்டியே 'அவ்வை சண்முகம்' ஆனார். கிழவி வேடத்துக்குக்கூட அந்தக் கம்பெனிகளில் பெண்களுக்கு இடம் கிடையாது.

பெண்கள் நின்று விளையாடிய இடம் ஸ்பெஷல் நாடகம். கம்பெனி என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துப் பேச வேண்டும். ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், டான்ஸ் ஒரு ஊர், மிருதங்கம் ஒரு ஊர். மதுரை சுண்ணாம்புக்காரத் தெரு நடிகர் சங்கத்தில் வந்து ஊர்ப் பெரியவர்கள் தேதி கேட்டுப் போவார்கள். ஒத்திகையே கிடையாது. அன்று ராத்திரி மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். 'வள்ளி திருமணம்' என்றால் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் ஒரு மணி நேரம் ஓடும். அவர் ஒரு கேள்வி போடுவார், இவள் பாட்டிலேயே பதில் சொல்லி எதிர்க்கேள்வி போட வேண்டும். தடுமாறினால் கூட்டம் விசிலடித்து உட்கார வைத்துவிடும். அந்த மேடையில் பத்து வருஷம் நின்ற பெண்ணுக்கு எந்த டைரக்டரும் 'இப்படி முகத்தை வை' என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

லட்சுமி அம்மா போன வழி குழு நாடகத்து வழி. ஸ்பெஷல் நாடகத்துக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான். மைக் சரியில்லாத காலத்தில் கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறவன் காதில் விழும்படி பேச வேண்டும். அழுதாலும் வார்த்தை தெளிவாக விழ வேண்டும். இதைக் கற்றுக்கொண்டு சினிமாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயும் கத்தியே கெட்டார்கள். லட்சுமி அம்மாவின் பெருமையே இதில்தான் இருக்கிறது. அவ்வளவு குரலையும் உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே கால் பங்கைத்தான் விடுவார். அந்தக் கால் பங்கிலும் வாக்கியத்தின் கடைசி வார்த்தை மெல்ல உடைந்து இறங்கும். அந்த உடைசல்தான் உங்களுக்கு உங்கள் அப்பத்தாவை ஞாபகப்படுத்தியது.

சினிமாவுக்கு அவர் வந்தது கூட்டத்தில் ஒருத்தியாக. 1948இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வில் பெரிய பெரிய முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான பேர் ஆடுவார்களே, அந்த ஆட்டக்காரிகளில் அவரும் ஒருவர். அங்கே முகம் தெரியாது. முகம் தெரிய இன்னும் பதினாறு வருஷம் ஆனது.

'சர்வர் சுந்தரம்' 1964. பாலசந்தர் நாடகமாகப் போட்டதை ஏவிஎம் படமாக எடுத்தார்கள்; டைரக்‌ஷன் கிருஷ்ணன்-பஞ்சு. நாகேஷுக்கு அம்மா லட்சுமி. இதில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாகேஷ் பிறந்தது 1933. அம்மாவாக நடித்தவர் 1927. மகனுக்கும் தாய்க்கும் ஆறே வயது வித்தியாசம்! 37 வயதுப் பெண், 31 வயது ஆணுக்குத் தாயாக வந்து நிற்கிறார். படம் பார்க்கும்போது யாருக்காவது உறுத்தியதா? எனக்கு உறுத்தவில்லை. இத்தனைக்கும் அந்தப் படத்தின் முடிச்சே அந்தத் தாய்தான். ஓட்டலில் சர்வராக இருந்த பையன் பெரிய சினிமா நடிகன் ஆகிவிடுகிறான். அவன் படப்பிடிப்பில் இருக்கும்போது தாய் மாடிப்படியில் விழுந்துவிடுகிறார், செய்தி மகனிடம் போய்ச் சேராமலே போகிறது. அவன் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் நடிப்பை விட்டுவிட்டு மறுபடி சர்வர் வேலைக்கே போகிறான் என்றால், அந்த முடிவை நாம் நம்புவதற்குக் காரணம் நாகேஷ் மட்டும் இல்லை. அந்தத் தாய் அந்த அளவுக்கு நம் மனதில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார வைத்தது லட்சுமி அம்மா.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் சினிமாவில் 40 வயது நாயகனுக்கு 20 வயதில் ஜோடி தேடுவார்கள். 35 வயது நடிகைக்கு நரைத்த டோப்பாவை வைத்து அம்மாவாக்கிவிடுவார்கள். அது இன்றும் மாறவில்லை. ஆனால் அந்த டோப்பாவைத் தலையில் வாங்கிக்கொண்டவர்கள் அழுது புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. அதையே ஒரு தொழிலாக, ஒரு கலையாகச் செய்து காட்டினார்கள். லட்சுமி அம்மா 37 வயதில் கட்டிய தாய் வேடத்தை 84 வயது வரைக்கும் கழற்றவில்லை. எந்தக் கதாநாயகியும் இவ்வளவு காலம் தாங்கியதில்லை.

அவருடைய இடைக்காலப் படங்களை எல்லாம் நான் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்திலிருந்து நூற்றுக்கணக்கான படங்கள். பலவற்றில் இரண்டு காட்சி, மூன்று காட்சிதான். அரசு கலைமாமணி பட்டம் கொடுத்தது. ஆனால் இன்றைய ஆட்களுக்கு அவர் முகம் பதிந்தது 1990க்கு மேல், கமல் படங்களில்.

'மைக்கேல் மதன காமராஜ'னை நினைத்துப் பாருங்கள். ஊர்வசிக்குப் பாட்டி. கண்ணில் பட்டதை எல்லாம் சுருட்டி மடியில் முடிந்துகொள்ளும் பாட்டி. இப்போது யோசியுங்கள், விருதுநகர்க் கரிசக்காட்டில் பிறந்த பெண் அங்கே பேசுவது பாலக்காட்டு வாசம் அடிக்கிற அக்ரஹாரத் தமிழ். ஒரு இடத்தில்கூடச் சொந்த ஊர் எட்டிப் பார்க்காது. திருடுகிறவள் என்று தெரிந்தும் அந்தப் பாட்டி மேல் நமக்குக் கோபமே வராது. ஏன் என்றால் திருடுவதை அவர் வேடிக்கைக்காகச் செய்வதில்லை. குழந்தை மண்ணைத் தின்னுமே, அதுபோல, செய்யக் கூடாது என்று தெரிந்தும் கை நிற்காத ஒரு ஆளாகச் செய்வார். சிரிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் துளியும் இருக்காது. சிரிப்பு வேடத்துக்கு அதுதான் முதல் பாடம். மேடையில் பபூன்கள்கூட நிறையப் பேர் அதை மறந்துவிடுவார்கள்.

1992இல் 'தேவர் மக'னிலும் இருக்கிறார். 1994இல் 'மகாநதி'யில் கமலுக்கு மாமியார். அந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்க்க என்னால் முடியவில்லை. மருமகன் சிறையில். வீட்டில் வயதான பாட்டியும் பேரப்பிள்ளைகளும். பாட்டிக்கு உடம்புக்கு முடியாமல் போக, மருந்துச் செலவுக்கு வழி தேடிப் போன இடத்தில்தான் அந்தப் பெண்பிள்ளையின் வாழ்க்கை பாழாகிறது. 'மைக்கேல் மதன காமராஜன்' பார்த்துவிட்டு நாலு வருஷம் கழித்து இதைப் பார்த்தால், அதே ஆள் என்று நம்புவதே கஷ்டம். சேலைக் கட்டு, தலை முடி, வயது எல்லாம் ஏறக்குறைய அதேதான். மாறியது மூச்சு மட்டும்.

அப்புறம் 'விருமாண்டி'. இங்கேதான் அவர் நம் பேச்சுக்குத் திரும்புகிறார். அந்தப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு 'மதுரைத் தமிழ்' என்பது ஒரே தமிழ். சினிமாவில் பாதிப் பேர் 'ஏலே', 'வாலே' என்று திருநெல்வேலியையும் கலந்து அடித்துவிடுவார்கள். இங்கே இருக்கிறவர்களுக்கு இருபது மைலுக்கு ஒரு தமிழ். மதுரை டவுனிலும் உசிலம்பட்டிப் பக்கமும் 'வந்தாய்ங்க, போனாய்ங்க'. கிழக்கே மானாமதுரை, சிவகங்கை போனால் 'வந்தாக, போனாக', அதில் ஒரு மரியாதை சேர்ந்துவிடும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது 'வெஞ்சனம்'. 'அங்கே' இல்லை, 'அங்கிட்டு'. லட்சுமி அம்மாவுக்கு இதை எல்லாம் யாரும் வசனத் தாளில் எழுதித்தர வேண்டியதில்லை. பிறந்த மண்ணின் பேச்சு. பேரன் மேல் உயிரையே வைத்திருக்கிற கிழவி, அவனைத் திட்டும்போதுகூடக் கொஞ்சுகிற மாதிரிதான் கேட்கும். 'என்னப்பு' என்று நம் கிழவிகள் இழுப்பார்களே, அந்த இழுப்பில் இருக்கிற பாசம் அகராதியில் கிடைக்காது.

கடைசியாக விஜய் டிவி 'சரவணன் மீனாட்சி'. 2011இல் தொடங்கியது. 84 வயதில் வீட்டு வரவேற்பறைக்குள் வந்து பாட்டி ஆனார். சினிமாவே பார்க்காத பொம்பளைகள்கூட அப்போதுதான் அவரைத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த வருஷம் 2012 பிப்ரவரி 20ஆம் தேதி சென்னையில் காலமானார். கடைசி வரை வேலையில் இருந்தவர்.

இந்த இடத்தில் காந்திமதி அம்மாவைச் சொல்லாமல் போனால் மானாமதுரைக்காரர்கள் என்னை விடமாட்டார்கள், நானும் என்னை மன்னிக்கமாட்டேன். 1945இல் மானாமதுரையில் பிறந்தவர். 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே'யில் மயிலுக்கு அம்மா, குருவம்மா. அப்போது அவருக்கு 32 வயது! லட்சுமி அம்மாவைவிடச் சின்ன வயதில் தாயாகிவிட்டார். 'மண்வாசனை', 'கரகாட்டக்காரன்', 'முத்து' என்று அதற்குப் பிறகு அவர் வராத கிராமத்துக் கதையே இல்லை. 2011 செப்டம்பர் 9ஆம் தேதி புற்றுநோயால் இறந்தார். ஆறு மாதம் முடிவதற்குள் லட்சுமி அம்மாவும் போய்விட்டார்.

இரண்டு பேரும் நம் பக்கத்துக்காரர்கள், இரண்டு பேரும் கிழவி, தாய் வேடங்களிலேயே வாழ்ந்தவர்கள். ஆனால் இரண்டும் இரண்டு மாதிரி. காந்திமதி அம்மாவுக்கு வாய் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். சொலவடை சொல்லி அடிக்கும் நாக்கு. குழாயடியில் நின்று தெருவையே அடக்கும் பெண் எல்லா ஊரிலும் ஒருத்தி உண்டே, அவள். லட்சுமி அம்மா, அதே தெருவில் திண்ணையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவி. ஒருவரைக் கேட்கத் தோன்றும், இன்னொருவரைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். யார் பெரியவர் என்று கேட்காதீர்கள். எனக்கு மனதுக்கு நெருக்கம் லட்சுமி அம்மா, அவ்வளவுதான்.

சரி, ஒரு நடிகை எப்படி ஊர்க் கிழவி ஆகிறாள் என்பதற்கு வருகிறேன். இது நான் கண்ணால் பார்த்தது. பெரியப்பா வாசித்த நாடகங்களுக்கு ஒரு அம்மா வழக்கமாக வருவார்கள். பெயர் வேண்டாம்; சினிமா பக்கமே போகாதவர். நாற்பது வயது இருக்கும். ஒரு தடவை 'அரிச்சந்திரா'. அதில் சந்திரமதியை விலைக்கு வாங்கிக் கொடுமைப்படுத்தும் வீட்டுக் கிழவி, காலகண்டி வேடம். தகரப் பெட்டியைத் திறந்து, கைக்கண்ணாடியைத் தட்டியில் செருகி வைத்துவிட்டு உட்கார்ந்தார். முகத்தில் பூசும் முத்துவெள்ளையைத் தொடவே இல்லை. ரவிக்கைத் தோளில் இருந்த ஊக்கை எடுத்தார், தோள் அப்படியே தொங்கிப் போனது. கொண்டையை அவிழ்த்துக் கையளவு முடியை உள்ளே விட்டு, மீதியைச் சின்ன முடிச்சாகப் போட்டார். கடைசியாக வெற்றிலையை மடித்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, "தம்பி, இப்ப என் பேச்சைக் கேளு" என்றார். பல் போன பேச்சு! ஒரு பக்கம் வெற்றிலை இருப்பதால் 'ச' எல்லாம் வழுக்குகிறது, கன்னம் ஒட்டித் தெரிகிறது. எழுந்து நடந்தார். காலை இழுக்கவில்லை, கூனவில்லை. உட்காரும்போது மட்டும் முதலில் தரையில் கையை ஊன்றிவிட்டு அப்புறம் உட்கார்ந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொல்லிவிட்டு 'விருமாண்டி'யையோ 'மகாநதி'யையோ மறுபடி பார்க்கச் சொல்கிறேன். லட்சுமி அம்மா கையை எங்கே வைக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பேசுகிற வாயைப் பார்க்காதீர்கள். முழங்காலில், சுவரில், பேரன் தோளில், சேலைத் தலைப்பில் அந்தக் கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். வயதானவர்களின் கை அப்படித்தான், சும்மா தொங்காது.

அந்த நாடகத்து அம்மாவைப் பற்றி இன்னொன்று. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு ஊரில் பங்குனிப் பொங்கல், 'நல்லதங்காள்' நாடகம். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி அர்ச்சுனாபுரம் வருகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அவளுக்குக் கோயில் இன்றும் இருக்கிறது. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். மக்கிய கேழ்வரகும் ஓட்டைச் சட்டியும் எரியாத பச்சை வாழை மட்டையும் கொடுத்து ஆக்கித் தின்னச் சொல்கிறாள். கடைசியில் கிணறு. மூளி அலங்காரியாக அந்த அம்மா. ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டத்தில் பொம்பளைகள் எழுந்து நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். "நீ நல்லா இருப்பியா" என்று ஒரு ஆத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா ஆர்மோனியத்தை மூடவில்லை. ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மேடையில் அந்த அம்மா அசையவில்லை. பானையை எட்டி உதைத்துவிட்டு நின்றார்.

விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துவிட்டு, அடிபம்பில் கழுவிக்கொண்டு, வேறு சேலை மாற்றி எங்களோடு முதல் பஸ்ஸில் ஏறினார். பக்கத்து சீட்டில் ராத்திரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அதே ஆத்தா, கையில் மஞ்சள் பையோடு. கொஞ்ச தூரம் போனதும் இவர் பக்கம் திரும்பி, "நாடகம் பாக்க வந்தீகளாத்தா? பாத்தீகளா அந்தப் பாவி மக பண்ணுன காரியத்த? பச்சப் புள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்த மனசு வரலையே" என்று ஆற்றாமையோடு சொன்னாள்.

"ஆமாத்தா, பாவி மக" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையில் பாதியைக் கிழித்து அந்த ஆத்தா கையில் கொடுத்தார். இரண்டு பேரும் மென்றுகொண்டே திருமங்கலம் வந்து சேர்ந்தார்கள்.